புரூக்ளினில் ஜாக்கி ராபின்சன் வேன் சுற்றுலா: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒன்று ஏன் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் சொந்த வேனில் வார இறுதிகளில் நடத்தும் சுற்றுலா இது. ஜாக்கி ராபின்சன் ஒப்பந்தம் பேசிய இடம், ஆடிய மைதானம் இருந்த இடம், குடியிருந்த வீடு, கல்லறை என்று நான்கு நிறுத்தங்கள், நடுவில் சாப்பாடு, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. பெரியவர்களுக்கு நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, பிள்ளைகளுக்குப் பாதி. பெயரைப் போடவில்லை, ஒற்றை ஆள் நடத்தும் தொழில், குறை சொல்லும் இடத்தில் பெயரையும் போட்டுக் கெடுக்க வேண்டாமே. நான், என் மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா மூவரும் போனோம். மகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள், அப்பாவுக்குக் கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு கிடையாது, நான் இரண்டுக்கும் நடுவில். நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் பார்த்து முடித்த பெற்றோரை அடுத்து எங்கே கூட்டிப்போவது என்று முழிக்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

யார் இவர் என்பவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கறுப்பினத்தவர் ஒருவரையும் சேர்க்கவில்லை. சட்டப் புத்தகத்தில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, முதலாளிகளுக்குள் ஒரு புரிந்துணர்வு, அவ்வளவுதான். கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீகுகளில், தனிப் பேருந்துகளில், இரவு தங்க விடுதி கிடைக்காத ஊர்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக எபட்ஸ் ஃபீல்டில் இறங்கி அந்தத் தடையை உடைத்தவர் ராபின்சன். அப்போது அவருக்கு வயது 28.

சுற்றுலா தொடங்குவது புரூக்ளின் ஹைட்ஸில் மாண்டேகு தெருவில். 215ஆம் எண்ணில் இப்போது ஒரு வங்கி, டாட்ஜர்ஸ் அலுவலகம் இருந்த பழைய கட்டடம் போய்விட்டது, நினைவுக்கு ஒரு பலகை மட்டும் உண்டு. ‘இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்ற முகத்தோடு அப்பா என்னைப் பார்த்தார். ஆனால் வழிகாட்டி பேச ஆரம்பித்ததும் நிலைமை மாறிவிட்டது. 1945 ஆகஸ்ட் 28 அன்று அணி நிர்வாகத்தின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி ராபின்சனை இங்கே வரவழைத்து மூன்று மணி நேரம் போலப் பேசினார். பேசினார் என்பதைவிட நடித்தார் என்று சொல்ல வேண்டும். அறை தர மறுக்கும் விடுதிக்காரனாக, சாப்பாடு தராத ஓட்டல்காரனாக, ஆட்டத்தில் வேண்டுமென்றே மோதிவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டும் எதிரணிக்காரனாக ஒவ்வொரு வேடமாகப் போட்டு, ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று கேட்டுக்கொண்டே போனார். திருப்பி அடிக்கப் பயப்படும் ஆள்தான் உங்களுக்கு வேண்டுமா என்று ராபின்சன் கேட்க, திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ளவன் வேண்டும் என்றார் ரிக்கி. நம் வழிகாட்டி இந்த முழுக் காட்சியையும் வங்கி வாசலில் நின்றபடி இரண்டு குரலில் நடித்துக் காட்டுகிறார், பணம் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் ஏதோ சண்டை என்று ஒதுங்கிப் போகிறார்கள். கொடுத்த காசில் பாதி இங்கேயே வசூலாகிவிட்டது.

அங்கேதான் அப்பா கேட்டார்: “ஏம்ப்பா, இந்த ஆளு இயல்பாவே சாதுவா?” நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி சிரித்துவிட்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்தார், ராணுவச் சீருடையில் ராபின்சன். 1944 ஜூலையில் டெக்சாஸின் கேம்ப் ஹூட் ராணுவ முகாமில் லெப்டினன்ட் ராபின்சன் பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்ன ஓட்டுநரிடம் முடியாது என்றார், விஷயம் முற்றி ராணுவ நீதிமன்றம் வரை போனது, ஆகஸ்டில் விடுதலையானார். இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸின் பேருந்துச் சம்பவம் 1955இல், அதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே இது. அப்படிப்பட்ட ஆளிடம்தான் ரிக்கி வாயை மூடிக்கொண்டிரு என்று ஒப்பந்தம் போட்டார். இந்தச் சுற்றுலாவில் எனக்குப் பிடித்ததே இதுதான், ராபின்சனைப் பொறுமையின் சிகரம் என்று ஆக்காமல், பொறுமை அவருக்கு வேலை நிபந்தனையாக விதிக்கப்பட்டது என்று நேராகச் சொல்கிறார்.

ரிக்கியையும் அவர் கடவுளாக்கவில்லை. ராபின்சன் அப்போது ஆடிக்கொண்டிருந்த கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பின லீக் அணிக்கு ரிக்கி ஒரு காசு கொடுக்கவில்லை, அடுத்த சில வருஷங்களில் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பெரிய லீகுகளுக்குப் போகப் போக, கறுப்பினத்தவர் தாங்களே வளர்த்து வைத்திருந்த அந்த லீகுகள் படுத்துவிட்டன என்பதையும் வேனில் போகும்போது சொன்னார். சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. வேனில் உள்ள மைக் கரகர என்கிறது, பின் இருக்கையில் உட்கார்ந்தால் விளக்கம் பாதி போய்விடும். முன்னால் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெர்சி சிட்டியில் இருக்கிற நம்மாட்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. டாட்ஜர்ஸுக்கு முன் ராபின்சனை ஒரு வருஷம் மாண்ட்ரியல் ராயல்ஸ் என்ற துணை அணியில் ஆட வைத்தார்கள். அதில் அவருடைய முதல் ஆட்டம் 1946 ஏப்ரல் 18 அன்று நடந்தது ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில். ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு ஹிட் (பந்தை அடித்துவிட்டு பேஸ் என்ற முனைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்வது), அதில் ஒன்று ஹோம் ரன், இரண்டு பேஸ் திருட்டு (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த முனைக்கு ஓடிவிடுவது), நான்கு ரன். மாண்ட்ரியல் 14–1 என்று ஜெயித்தது. ஹோம் ரன் அடித்துவிட்டுச் சுற்றி வந்தவருக்கு அடுத்து ஆட வேண்டிய ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளைக்காரர் கை கொடுத்தார், அந்தப் படம் உலகப் பிரசித்தம். ஸ்டேடியம் இப்போது இல்லை, வீடுகள் கட்டிவிட்டார்கள். நுவர்க் அவென்யூவுக்குத் தோசை சாப்பிடப் போகிறவர்கள் ஜர்னல் ஸ்கொயரில் ராபின்சனுக்குச் சிலை இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சுற்றுலாவில் இந்தப் பக்கம் வருவதில்லை, படத்தை மட்டும் காட்டுகிறார்.

இரண்டாவது நிறுத்தம் எபட்ஸ் ஃபீல்ட் இருந்த இடம். 1913இல் திறந்த மைதானம், டாட்ஜர்ஸ் 1957 சீசனோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட, 1960 பிப்ரவரியில் இடித்தார்கள். இடிக்கப் பயன்படுத்திய இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் பந்து மாதிரியே வெள்ளை பூசித் தையல் கோடு வரைந்திருந்தார்களாம், யாருக்கு வந்த ரசனையோ. இப்போது அங்கே 25 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. சுவரில் ஒரு கல், இது எபட்ஸ் ஃபீல்ட் இருந்த இடம் என்றும், 1962 என்றும் வெட்டியிருக்கிறது. கூடவே குடியிருப்பு நிர்வாகத்தின் வகையாக ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்ற அறிவிப்பு. என் மகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே குடியிருப்பவர்களின் அன்றாட வாசல் இது என்பதால் வழிகாட்டி குழுவை உள்ளே அழைத்துப் போவதில்லை, எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நிறுத்திப் பேசுகிறார், அது மரியாதையான வழக்கம்.

முதல் ஆட்டத்தை இங்கேதான் சொல்கிறார். பாஸ்டன் பிரேவ்ஸுக்கு எதிராக, 25,000க்கு மேல் கூட்டம், அதில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ராபின்சன் அன்று ஒரு ஹிட் கூட அடிக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் எதிரணியின் தவறால் பேஸுக்குப் போய், அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்த ரன்னை எடுத்தார், 5–3 வெற்றி. அதன் பிறகு ஒரு வாரத்தில் பிலடெல்பியா அணி வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மன் ஆட்டம் முழுக்க இருக்கையிலிருந்தபடி இனத்தைச் சொல்லிக் கத்திய வசவுகளில் சிலவற்றை, வண்டியில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வழிகாட்டி சாடையாக மட்டும் சொன்னார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற நிலைக்கு மிகப் பக்கத்தில் வந்தது அன்றுதான் என்று ராபின்சனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு இவருடைய ஆட்டம் புரியுமா? புரியும், அப்பாவுக்குப் புரிந்தது, அதற்கு என் மகளுக்குத்தான் நன்றி. பேஸ் திருட்டு என்றால் என்ன என்று தாத்தாவுக்கு அவள் சொன்ன விதம் இது: பந்து வீசும் முன்னாலேயே மறுமுனை ஆள் கோட்டை விட்டு வெளியே வந்து நிற்பானே, பந்து வீச்சாளர் அவனைப் பார்ப்பதா மட்டையாளரைப் பார்ப்பதா என்று குழம்புவானே, அந்தக் குழப்பத்தையே தொழிலாக வைத்திருந்தவர் ராபின்சன். அப்பா உடனே, “ஓ, மன்கட் பண்ண முடியாத ஆளு” என்றார். கிட்டத்தட்ட அதுதான். மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட்டுக்கே, அதாவது மட்டை பிடிக்கும் இடத்துக்கே, ஓடித் திருடுவது மிக அபூர்வம், ராபின்சன் அதைத் தன் ஆட்ட வாழ்க்கையில் 19 முறை செய்தார். 1955 உலகத் தொடரின் (பேஸ்பாலின் வருஷாந்தர இறுதிப் போட்டி) முதல் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு எதிராகச் செய்தது பிரபலம். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போல மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் யோகி பெர்ரா நடுவரிடம் குதித்துக் குதித்துச் சண்டை போட்டார், சாகும்வரை ராபின்சன் அவுட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாயால் பதில் சொல்லக் கூடாது என்று கட்டிப் போட்ட ஒருவர் காலால் சொன்ன பதில் இது என்று எனக்குப் பட்டது. எதிரணிப் பந்து வீச்சாளர்களின் நிம்மதியைக் கெடுத்துவிடுவார், அது விதியை மீறியதும் ஆகாது.

சாப்பாடு ஃபிளாட்புஷ் பக்கம் ஒரு கரீபியன் கடையில். கட்டணத்தில் சேராது. இரண்டு மெத்தென்ற மைதா பூரிக்கு நடுவில் கொண்டைக்கடலைக் கறியை வைத்து மடித்துத் தரும் டிரினிடாட் பண்டமான டபுள்ஸ் அங்கே கிடைக்கிறது, சைவக்காரரான அப்பா இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குக் கண்ணைக் காட்டினார். காரச் சட்னி கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள், நம் நாக்குக்கே உறைக்கும். கழிப்பறையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அடுத்து கல்லறைத் தோட்டம் வரை வசதி இல்லை.

அப்புறம் டில்டன் அவென்யூ, 5224ஆம் எண் வீடு. 1947 முதல் 1949 வரை ராபின்சனும் மனைவி ரேச்சலும் கைக்குழந்தையும் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். தேசிய வரலாற்றுச் சின்னம் என்று 1976இலேயே அறிவித்திருக்கிறார்கள், ஆனாலும் அது இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுதான், வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டும். இரண்டடுக்குச் செங்கல் வீடு, பக்கத்து வீடுகளுக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்த வருஷத்தில், அந்த வருஷத்தின் சிறந்த புது ஆட்டக்காரர் என்ற விருது வாங்கிய மனிதர் இந்த அளவு வீட்டின் மாடியில் குடியிருந்திருக்கிறார். முதல் சீசன் சம்பளம் 5,000 டாலர். ரேச்சலைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசினார், நர்ஸ் படிப்பு படித்தவர், பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் நர்சிங் உதவிப் பேராசிரியரானவர், கணவர் பெயரில் அறக்கட்டளை நிறுவி நடத்தியவர். இன்னும் கூடவே பேசியிருக்கலாம்.

சரி, குறைக்கு வருகிறேன். டில்டன் அவென்யூவிலிருந்து சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறைக்குப் போகும் வழியில் வழிகாட்டி பீ வீ ரீஸ் கதையைச் சொன்னார். தென்மாநிலமான கென்டக்கியைச் சேர்ந்த வெள்ளைக்காரரும் டாட்ஜர்ஸ் சக ஆட்டக்காரருமான ரீஸ், சின்சினாட்டியில் கூட்டம் ராபின்சனைத் திட்டிக்கொண்டிருந்தபோது மைதானத்தின் குறுக்கே நடந்து போய் அவர் தோளில் கை போட்டு நின்றார் என்ற கதை. கோனி ஐலண்டில் இதற்குச் சிலையே இருக்கிறது. ஆனால் 1947இல் நடந்ததாகச் சொல்லும் இந்தச் சம்பவத்துக்கு அந்த நாள் பத்திரிகைகளில் செய்தி இல்லை, படம் இல்லை, நடந்தது 1948இல் பாஸ்டனில் என்று சொல்பவர்களும் உண்டு. இருவரும் நல்ல நண்பர்கள் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனால் சந்தேகம் இருக்கிற கதைக்குக் கால் மணி நேரம், அதே வேனில் வெண்டெல் ஸ்மித்துக்கு ஒரே ஒரு வாக்கியம் என்பது எனக்கு உறுத்தியது. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர் அவர், ராபின்சன் பெயரை ரிக்கியிடம் சொன்னவர்களில் முக்கியமானவர், கூடவே பயணம் செய்து தங்க இடம் பார்த்துக் கொடுத்தவர், பத்திரிகையாளர் மாடத்தில் தனக்கு இடம் தராத மைதானங்களில் பார்வையாளர் வரிசையில் டைப்ரைட்டரை மடியில் வைத்து அடித்தவர். வாங்கிய காசுக்கு இவரைப் பற்றிப் பத்து நிமிஷம் வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, சுற்றுலா 1947இல் நின்றுவிடுகிறது. 1949இல் வாய்ப்பூட்டை எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு நடுவர்களோடு சண்டை, பத்திரிகைக்காரர்களோடு வாக்குவாதம், அதே வருஷம் .342 சராசரியோடு தேசிய லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அமைதியாக இருந்தபோது கொண்டாடிய பலருக்கு இப்போது அவரைப் பிடிக்காமல் போயிற்று. 1956 கடைசியில் அவரைப் பரம எதிரியான ஜயன்ட்ஸுக்குக் கைமாற்றினார்கள், போகாமல் ஓய்வு பெற்று ஒரு காபி நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். 1958இல் ஜனாதிபதி ஐசனோவர் கறுப்பினத்தவரைப் பொறுமையாக இருக்கச் சொன்னபோது, நாங்கள்தான் உலகத்திலேயே அதிகப் பொறுமை காட்டியவர்கள் என்ற தொனியில் அவருக்கே கடிதம் எழுதினார். ஹார்லெமில் வங்கி தொடங்கியவர்களில் ஒருவர். 1960 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் நிக்சனை ஆதரித்துத் தன் மக்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். 1972 அக்டோபர் 15, உலகத் தொடரில் மரியாதை செய்யக் கூப்பிட்டபோது, சர்க்கரை நோயில் பார்வை ஏறக்குறையப் போய்விட்ட நிலையில், மைக்கைப் பிடித்து நன்றி சொன்ன கையோடு, ஒரு கறுப்பின மேலாளரை எப்போது பார்ப்பேன் என்று கேட்டார். ஒன்பதாவது நாள் இறந்தார், வயது 53. கறுப்பின மேலாளர் வந்தது 1975இல்.

இவ்வளவையும் வழிகாட்டி அவர் பெயரையே வைத்திருக்கும் ஜாக்கி ராபின்சன் பார்க்வேயின் வளைவுகளில் வேனை ஓட்டிக்கொண்டே ஒப்பித்து முடித்தார். அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே ஓட்டுநர் கதை சொல்லக் கூடாது. காலையில் அவ்வளவு அழகாக, இவர் சாது அல்ல என்று ஆரம்பித்தவர், சாதுவாக இல்லாத இருபத்து சொச்சம் வருஷத்தைப் பதினைந்து நிமிஷத்தில் கடத்திவிட்டாரே என்றுதான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். குவீன்ஸில் செயின்ட் ஆல்பன்ஸில் 1949க்குப் பிறகு குடியிருந்த வீடு இருக்கிறது, அதைச் சேர்த்தாலே இந்தப் பகுதியைப் பேச ஒரு சாக்கு கிடைக்கும். இறங்கும்போது இதை அவரிடமே சொன்னேன். பெரும்பாலோர் 1947க்காகத்தான் வருகிறார்கள், மீதியைச் சொன்னால் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்றார். இருக்கலாம்.

கல்லறை எளிமையாக இருக்கிறது. பக்கத்திலேயே, அவருக்கு முந்தின வருஷம் கார் விபத்தில் இறந்த மூத்த மகனின் கல்லறையும். யார் யாரோ வைத்துவிட்டுப் போன பந்துகள், மழையில் நனைந்து தோல் உப்பியவை, ஒரு நீலத் தொப்பி. வேன் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், மேடு பள்ளம் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் கைத்தடி எடுத்து வரலாம், அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார்.

எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், பார்க்க மைதானமும் இல்லை, தொட்டுப் பார்க்கப் பொருளும் இல்லை, எல்லாமே பேச்சுதான். அவர்களுக்கு மன்ஹாட்டனில் வேரிக் தெருவில் 2022இல் திறந்த ஜாக்கி ராபின்சன் அருங்காட்சியகமோ, மெட்ஸ் அணியின் ஆட்டம் பார்க்கப் போகும்போது அவர்களுடைய மைதானமான சிட்டி ஃபீல்டின் ராபின்சன் முகப்பு மண்டபமோ பொருத்தம், மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் அவருடைய சட்டை எண்ணான நீல நிற 42க்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை 1997இலேயே எல்லா அணிகளுக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சுற்றுலாவுக்கு முன்பதிவு கட்டாயம், பாக்கித் தொகையைக் கையில் பணமாகத்தான் வாங்குகிறார். ஏப்ரல் 15 ஜாக்கி ராபின்சன் தினம் என்பதால் அதை ஒட்டிய வாரங்களில் இடம் கிடைப்பது கஷ்டம், செப்டம்பர் நல்லது. பதிவு செய்யும்போதே செயின்ட் ஆல்பன்ஸ் வீடும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.